சுல்தானின் அரைக்கண்

வெலிகாவுக்கு அவள் புருஷன் கென்கோவின் முகம் வேண்டியிருந்தது. ஆள் போய் வருஷம் திரும்பப் போகிறது, முகம் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை.

வீட்டில் படங்கள் இல்லாமல் இல்லை. பிஸ்கட் டப்பா ஒன்று நிறையக் கிடந்தன. கல்யாணத்தன்று சர்ச் வாசலில், கடற்கரையில் தர்ப்பூசணியோடு, மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே. அத்தனையிலும் கென்கோ கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மூன்றுக்குச் சரியாக மூடிவிடுவான். ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நின்று ரொட்டி சுடுகிறவன் பகலில் எழுந்து நிற்பதே பெரிய காரியம் என்று வெலிகா அவனுக்குப் பரிந்து பேசுவாள்.

கண் திறந்திருந்த படம் ஒன்றே ஒன்றுதான். அடையாள அட்டைக்காக அரசாங்க ஆபீசில் எடுத்தது. அதில் அவன் ஆந்தை முழி முழித்தான். பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடி, இறகோடு பிடிபட்டவனின் முகம் அது. அந்த ஊரில் ஒருவர் செத்தால் பேரும் படமும் போட்ட தாளை வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தங்களிலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒரு தடவை, ஆறாம் மாதம் ஒரு தடவை, வருஷத்துக்கு ஒரு தடவை என்று செத்தவர் திரும்பத் திரும்பத் தெருவுக்கு வந்துகொண்டிருப்பார். செத்த அன்று, நாற்பதாம் நாள், ஆறாம் மாதம் என்று இதுவரை மூன்று தடவையும் அந்தக் கோழித் திருடன்தான் வந்தான். வேலை முடிந்து வரும்போதெல்லாம் தன் வீட்டுக் கதவில் யாரோ ஓர் அந்நியன் நிற்பது போல வெலிகாவுக்கு இருக்கும்.

தாள் என்றால் மழையில் நனைந்து போய்விடும். வருஷத்துக்குப் போடும் படமோ பீங்கானில் ஏறி, கல்லறையில் பதிந்துவிடும். பிறகு காலத்துக்கும் அதுதான் கென்கோ. கல்லில் அதற்காக விட்டிருந்த முட்டை வடிவக் குழி இன்னும் வெறுமையாக இருந்தது.

வெலிகா டிராலி பஸ் ஓட்டுகிறவள். கூரை மேல் இரண்டு கோல்களை நீட்டி, மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டி. ரயிலடியில் கிளம்பி, ரொட்டிக்கடை, ஆஸ்பத்திரி, பழைய ஆலை என்று போய், ஊர்க்கோடிப் பூங்காவில் மிருகக்காட்சிசாலை வாசலில் திரும்பும். அவள் வீடு ஆலை நிறுத்தத்தில். விடிகாலை முதல் வண்டியில், ரொட்டிக்கடை நிறுத்தத்தில், தலை முதல் கால் வரை மாவோடு கென்கோ ஏறுவான். அவளுக்கு நேர்பின்னால் இருந்த இருக்கை அவனுடையது. அவன் வராத நாளிலும் யாரும் அதில் உட்காரமாட்டார்கள், உட்கார்ந்தால் பின்பக்கம் வெள்ளையாகிவிடும்.

கல்யாணமான புதிதில் அவன் வழியெல்லாம் வாயாடிக்கொண்டு வருவான். ஆலை நிறுத்தம் வந்ததும், "எறங்கு, போய்ப் படு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு" என்று அவள் விரட்டுவாள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்குவான். கொஞ்ச நாளில் அவன் ஏறியதுமே தூங்கிப்போக ஆரம்பித்தான். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அந்த வெள்ளை முகம் ஆடி ஆடி வரும். ஆலை நிறுத்தத்தில் அவள் திரும்பிப் பார்ப்பாள். பாவம், தூங்கட்டும் என்று கோடி வரை கூட்டிப் போவாள். அங்கே விழித்து, மானுக்கும் கரடிக்கும் பழைய ரொட்டியைக் காவலாளி லாசரிடம் கொடுத்துவிட்டு, அவள் காபி குடித்து முடிக்கிற வரை கூண்டு ஒன்றின் முன்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். திரும்புகிற நடையில் வீட்டுக்கு முன்னால் இறக்கிவிடுவாள். அவர்களுடைய சம்சாரத்தில் முக்கால்வாசி அந்த வண்டியில்தான் நடந்தது.

போன மாசியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டை மேல் உட்கார்ந்தான். அதோடு சரி.

அந்தப் பெஞ்சுக்கு எதிரே இருந்தது பனி ஆந்தைக் கூண்டு. உள்ளே சுல்தான். பிறந்ததிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற ஜீவனுக்கு வேறு என்ன பேர் வைப்பது என்பது லாசரின் கட்சி. கொழுத்த வெள்ளைப் பறவை. கால் விரல் வரை ரோமம், அலகு கூட ரோமத்தில் புதைந்து கருப்பாக ஒரு நுனி மட்டும் தெரியும். ஆந்தை முழி என்று உலகமே சொல்கிறது. இந்த ஆந்தை முழித்து ஒருவரும் பார்த்ததில்லை. மரக்கட்டை மேல் அமர்ந்து கண் இரண்டையும் மூடி, யார் வந்தால் எனக்கென்ன என்று இருக்கும்.

கென்கோ போன பிறகு வெலிகா அந்தப் பக்கம் போகாமலே இருந்தாள். ஸ்பெயினில் வேலை பார்க்கும் மகள் நல்ல கேமரா உள்ள ஒரு போனை அனுப்பி, எதையாவது படம் எடுத்துப் போடு அம்மா, சுவரையே பார்த்துக்கொண்டு இருக்காதே என்றாள். ஒரு நாள் பனி விழுந்துகொண்டிருந்தது. காபிக் கோப்பையோடு பெஞ்சுப் பக்கம் நடந்தவள் நின்றுவிட்டாள். கட்டை மேல் பனி, வலை மேல் பனி, நடுவில் வெள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று. தோளில் மாவு உதிர்வது போலப் பனி உதிர்ந்தது. மனசுக்குள் என்னவோ இளகிப் போனது அவளுக்கு. அவனைத்தான் ஆயுசுக்கும் கண் திறக்க வைத்துப் படம் பிடிக்க முடியவில்லை, இவனையாவது பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அது லேசான காரியமாக இல்லை. முதலில் கம்பி வலை தெளிவாக விழுந்தது, ஆந்தை பஞ்சாகிப் போனது.

"போனை வலை மேலயே ஒட்டி வைம்மா. அப்பத்தான் கம்பி மறையும்" என்றார் லாசர்.

ஒட்டி வைத்தாள். கம்பி மறைந்தது, ஆனால் பனியும் பறவையும் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் வந்தன. வெள்ளையை வெள்ளையாக எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. திரையில் விரலை வைத்து மேலே இழுத்தால் வெளிச்சம் ஏறும் என்று கண்டுபிடித்தாள். ஒவ்வொரு இறகும் தனித்தனியாக வந்தது. கண்கள்தான் வரவில்லை. சாவிக்கொத்தைக் குலுக்கினாள், விசிலடித்தாள், எலி மாதிரிக் கீச்சென்றும் பார்த்தாள். சுல்தான் தலையை மட்டும் மெதுவாக அவள் பக்கம் திருப்பி, அப்படியே மூடின கண்ணோடு இருந்தான்.

"டிரைவரம்மா, ஆந்தை முழிச்சப்புறம்தான் வண்டி எடுப்பீங்களா?" என்று பஸ்ஸிலிருந்து குரல் வரும்.

"அவசரம்னா நீங்க தள்ளிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு படம் எடுப்பாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. அவளுக்கு அது பிடித்திருந்தது. பனி விழும்போது ஊர்ச் சத்தம் எல்லாம் எங்கேயோ அமுங்கிப் போகும். அவளும் பறவையும், நடுவில் அவள் மூச்சின் ஆவியும் மட்டும் இருக்கும். வண்டி ஓட்டும்போது சில சமயம் கண்ணாடியில், பின்னிருக்கையில், வெள்ளையாக ஒன்று ஆடுவது தெரியும். கென்கோவா சுல்தானா என்று அவள் ஆராயமாட்டாள். யாராயிருந்தாலும் தூங்கட்டும் என்று வளைவுகளில் பார்த்துத் திருப்புவாள்.

வருஷம் நெருங்கியதும் பராஷ்கேவா வந்து சேர்ந்தாள். கென்கோவின் அக்கா. தாய் செத்த பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அதைச் சொல்லாமல் ஒரு வாய் காபி குடிக்கமாட்டாள். ஊறுகாய் ஜாடியை மேஜை மேல் வைத்த கையோடு விஷயத்துக்கு வந்தாள்.

"படம் கொடுத்தாச்சா இல்லையாடி? கல்லு மொட்டையா கெடக்கு. பாக்கறவங்க என்னையத்தான் கேக்கறாங்க."

வெலிகா டப்பாவைத் திறந்து ஒரு படத்தை நகர்த்தினாள். ரொட்டிக்கடைப் பின்வாசல், மாவுத் தொப்பி, மூடின கண்.

"இதுவா? அவனப் பொணமா பாத்தது பத்தாதா ஒனக்கு? கல்லுல கண்ணு தெறந்து இருக்கணும். நாளைக்கு நான் போனா, அவன் என்னையப் பாக்க வேண்டாமா? தூக்கி வளத்தவ நான்."

"அக்கா, அட்டைப் படத்துல அவரு கொலைகாரன் மாதிரி இருக்காரு."

"எந்தம்பி அழகன். படம் எடுத்தவன்தான் கொலைகாரன்."

பேசிப் பார்த்தாள். பராஷ்கேவாவிடம் பேசுவதும் பாறையில் முட்டிக்கொள்வதும் ஒன்று. அதோடு, சுல்தானே கண் திறக்காத பிறகு தனக்கு மட்டும் என்ன பிடிவாதம் என்று ஓர் அலுப்பும் வந்துவிட்டது. கடைசியில், "சரிக்கா, அதையே அனுப்பறேன்" என்றாள். சொன்ன வாய் கசந்தது.

மறுநாள் பகலில், கோடி நிறுத்தத்தில், பனி விட்டு வெயில் வந்தது. கூண்டு பளீரென்று எரிந்தது. சுல்தான் அவள் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தான். இடது இமைக்கு நடுவில் நூல் மாதிரி மஞ்சளாக ஒரு கோடு. ஒரே ஒரு தடவை அழுத்தினாள். திறந்த கண் என்று சொல்ல முடியாது, ஆனாலும் அந்தக் குளிர்காலத்திலேயே நல்ல படம் அதுதான். பஸ்ஸில் யாரோ ஹாரனை அழுத்தினார்கள். ஆந்தையை மகளுக்கும், அட்டைப் படத்தை அச்சுக்கடைக்கும் அவசரமாக அனுப்பிவிட்டு ஓடினாள். அடுத்த நடையில் பார்த்தால் மகள் பதிலுக்கு ஓர் அழுமுகம் போட்டிருந்தாள். ஆந்தைக்கு எதற்கு அழுகிறாள் என்று தோன்றியது, பிறகு மறந்துவிட்டாள்.

அச்சுக்கடைப் பெண் வந்ததை அப்படியே அச்சடித்தாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. முந்தின மாதம்தான் ஒருவர் தன் அப்பா படத்துக்குப் பதிலாக அவருடைய டிராக்டர் படத்தைப் போடச் சொல்லியிருந்தார். தாள்களை வாங்கப் போனது பராஷ்கேவா. நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. வாங்கினாள், மார்போடு அணைத்துக்கொண்டாள், பொழுது சாய்வதற்குள் ரயிலடியிலிருந்து பூங்கா வரை தன் கையாலேயே ஒட்டி, ஒவ்வொன்றையும் தடவி முத்தமிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

விடிகாலை மூடுபனி. வெலிகா முதல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். ரொட்டிக்கடை நிறுத்தத்தில் கதவைத் திறந்துவிட்டு, பழக்கத்தில் கம்பத்தைப் பார்த்தாள். கருப்புக் கட்டத்துக்குள் சுல்தான் இருந்தான். கீழே, கென்கோ, ரொட்டி சுடுபவர், நீ இல்லாமல் ஒரு வருஷம் என்று எழுதியிருந்தது.

கனவு என்றுதான் நினைத்தாள். கனவில் நிறுத்தக் கூடாது என்பது போல வண்டியை எடுத்தாள். அடுத்த கம்பம் மூடுபனியிலிருந்து வந்தது, அதிலும் அவன். ஆஸ்பத்திரிச் சுவரில் அவன். கடைவீதி மரங்களில் அவன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெள்ளையாக உட்கார்ந்து, அரைக்கண்ணால் அவள் வண்டி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் போட்ட அழுமுகம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அவசரத்தில் இரண்டு படத்தையும் மாற்றி அனுப்பியிருக்கிறாள். வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பிவிட்டாள். கூரைக் கோல்கள் கம்பியை விட்டு எகிறி, விளக்கணைந்து வண்டி நின்றது.

கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கி, பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கோல் கம்பியில் பொருந்தமாட்டேன் என்றது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வீடு திரும்பும் ஸ்தாமெனா இறங்கி வந்து கயிற்றில் ஒரு கை கொடுத்தாள்.

"நல்ல படமா போட்டிருக்கீங்கக்கா" என்றாள்.

"என்னடி நல்ல படம்? கேலி பண்றியா?"

"கேலி என்னத்துக்கு? தெனம் இந்த வண்டியிலதான வந்தேன். மாவும் அதுவுமா இப்பிடித்தான ஒக்காந்திருப்பாரு. போன மூணு தடவையும் போட்டது யாருன்னே எனக்குத் தெரியல."

கோல் பொருந்தி விளக்கு எரிந்தது. வண்டிக்குள் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பூங்கா வாசலில் ஒட்டின தாள் முன்னால் லாசர் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்காதீங்கண்ணே. ஊரு என்னையக் காறித் துப்பப் போவுது. சாவுக்கு ஆந்தையக் கூப்பிட்டவன்னு பேரு வரும். அதுவும் கண்ண மூடின ஆந்தை."

"மூடின ஆந்தைன்னு யாரு சொன்னா?"

"மூணு மாசமா பாக்கறேனே."

"நீ பாக்கற, அவனும் பாக்கறான்" என்றார் லாசர். "இவன் மத்த ஆந்தை மாதிரி இல்லம்மா. இவன் ஊர்ல எங்க பாத்தாலும் பனி, மேல வெயிலு. கண்ணத் தெறந்து வெச்சா கூசும். அதனால இடுக்கிட்டு ஒக்காந்திருப்பான். எல்லாம் தெரியும் அவனுக்கு. நீ எந்தப் பக்கம் போனாலும் மூஞ்சி ஒம்பக்கம் திரும்புதா இல்லையா? தூங்கறவன் திரும்புவானா?"

திரும்பத்தான் செய்தது. எடுத்த படங்களில் ஒன்றில் கூட அவன் வேறெங்கோ பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இத நான் கென்கோகிட்டச் சொன்னப்ப, அட, இவன் நம்ம ஆளுன்னு சொன்னான்" என்ற லாசர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்ன நம்ம ஆளு?"

"வேண்டாம்மா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்."

"அண்ணே."

லாசர் கூண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சரி, இனிமே வந்து என் சட்டையையா பிடிக்கப் போறான். அவன் ஒன் வண்டியில ஒரு நாளும் தூங்கினதில்லம்மா. முழிச்சிருந்தா ஆலை நிறுத்தத்துல எறக்கி விட்டுருவா, கண்ண மூடினா கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போவான்னு கண்டுபிடிச்சு வெச்சிருந்தான். அரைக்கண்ணால கண்ணாடியில ஒன்னையப் பாத்துக்கிட்டே வருவானாம். வளைவுல நாக்க நீட்டிக்கிட்டு ஓட்டுவியாமே?"

வெலிகா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் கோபம்தான் வந்தது. "திருட்டுப் பய" என்றாள். இத்தனை வருஷம், பாவம் தூங்கட்டும் என்று குலுங்காமல் ஓட்டியிருக்கிறாள். பள்ளம் பார்த்து, வேகம் குறைத்து, அதற்காக மேலதிகாரியிடம் திட்டு வாங்கி. "திருட்டுப் பய" என்று மறுபடி சொன்னபோது குரல் உடைந்துபோய், கையுறையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். செத்த அன்று கூட அவள் அப்படி அழவில்லை. அழுகையின் அடியில் வெட்கமாக ஒரு சந்தோஷம் இருந்தது. யாரோ தன்னைத் தினமும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை ஐம்பது வயசுக்கு மேல் தெரிந்துகொள்கிற சந்தோஷம்.

வலைக்கு அப்பால் சுல்தான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவள் போனை எடுக்கவில்லை.

திரும்புகிற நடையில் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பராஷ்கேவா ஏறினாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். கையில் கிழித்த தாள்கள். நேராக வந்து கென்கோவின் இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சாவுப் பறவையை என் கையால ஊரெல்லாம் ஒட்ட வெச்சுட்டியேடி."

"கை ஒங்க கைதானக்கா. கண்ணு எங்க போச்சு?"

"வெள்ளையா வட்டமா இருந்துது. தொப்பி போட்டு, கண்ணு தெறந்த படம் ஒண்ணு கெடச்சிருக்குன்னு நெனச்சேன்." பராஷ்கேவாவின் குரல் இறங்கியது. "நல்லா வந்திருக்குன்னு முத்தம் வேற குடுத்தேன்."

பின்னால் யாரோ இருமலை அடக்கினார்கள். வெலிகா வண்டியை ஓட்டியபடியே, கண்ணாடியைப் பார்த்து, லாசர் சொன்னதைச் சொன்னாள். பராஷ்கேவா கையிலிருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். ரயிலடியில் இறங்கினபோது அங்கே ஒட்டியிருந்த தாளைக் கிழிக்காமல் நடந்து போனாள். மற்றதையும் யாரும் கிழிக்கவில்லை. மழை வந்து கரைக்கிற வரை சுல்தான் ஊர் முழுக்க இருந்தான்.

அன்று சாயங்காலம் வெலிகா டப்பாவை மேஜையில் கவிழ்த்தாள். கடற்கரை, சர்ச், ஆஸ்பத்திரி ஜன்னல் என்று ஒவ்வொன்றையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் அவள் எடுத்தவை, கல்யாணப் படம் ஒன்று தவிர. அதிலும் அவன் முகம் கேமராவுக்கு இல்லை, பக்கத்தில் நின்றவளுக்குத் திரும்பியிருந்தது. அவள் இல்லாத இடத்தில் எடுத்தது அட்டைப் படம் மட்டும்தான்.

ரொட்டிக்கடைப் பின்வாசல் படத்தைப் பீங்கான்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"கண்ணு மூடியிருக்கேம்மா. கம்ப்யூட்டர்ல தெறந்து விட்டுரட்டுமா?" என்றான்.

"தொட்டீங்கன்னா தெரியும்" என்றாள் வெலிகா.

வருஷத்து நாளில் கல்லறை முழுக்கப் பனி. சர்க்கரை தூவிய கோதுமையைக் கிண்ணங்களில் வைத்து, கல்லின் தலைமாட்டில் திராட்சை மதுவை ஊற்றினார்கள். ரொட்டிக்கடைக்காரர்களும், ஸ்தாமெனாவும், லாசரும் வந்திருந்தார்கள். வெலிகா கையால் கல் மேலிருந்த பனியைத் தள்ளினாள். மாவுத் தொப்பியோடு கென்கோ வெளியே வந்தான்.

கூட்டம் பராஷ்கேவாவைத்தான் பார்த்தது. அவள் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டாள். கல்லுக்கு வெகு கிட்டத்தில் குனிந்தாள். இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். நாலடி நகர்ந்து அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள்.

"தெறந்துதான்டி வெச்சிருக்கான்" என்றாள் கடைசியில். நிமிர்ந்து வெலிகாவின் கையைப் பிடித்து, தான் நின்ற இடத்தில் அவளை இழுத்து நிறுத்தினாள். "தூக்கி வளத்தவ நான். என்னைய ஒரு பார்வ பாக்க மாட்டேங்கறான் பாரு. ஒன்னையவே பாக்கறான்."

பிறகு கோதுமைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் கொடுக்கப் போனாள்.